சாமி எந்திரிக்கலைங்க

எங்கள் பண்ணைக்குள் போக வேண்டுமானால் முதலில் செல்போனைக் கொடுத்துவிட வேண்டும். பிறகு கைக்கடிகாரம், செருப்பு, உடுத்தியிருக்கும் துணி. தலைக்குக் குளித்து, அங்கே தருகிற நீலச் சீருடையைப் போட்டுக்கொண்டு, மருந்துத் தண்ணீரில் காலை நனைத்து உள்ளே போனால் இருநூறு அடி தள்ளி இன்னொரு குளியலறை இருக்கும். அங்கேயும் தலைக்குக் குளியல். மாசி மாதத்து விடியற்காலையில் இதைச் செய்கிறவர்கள் மனசுக்குள் யாரைத் திட்டுவார்கள் என்று எனக்கு நன்றாகவே தெரியும். என்னைத்தான். அந்த விதிகளை எழுதியவள் நான்.

என் பெயர் சத்யபிரியா. கால்நடை டாக்டர். ராசிபுரம் பக்கம் உள்ளே தள்ளி இருக்கும் அந்தப் பண்ணையில் எழுபதாயிரம் தாய்க்கோழிகள் இருக்கின்றன. அவை இடும் முட்டையில் பொரிகிற குஞ்சுகள்தான் நாலு மாநிலத்துக்கு முட்டைக்கோழிகளாகப் போகின்றன. உள்ளே ஒரு சீக்கு நுழைந்துவிட்டால் அத்தனையும் குழிக்குள்தான். அதனால் முப்பத்தொரு விதிகள் எழுதினேன். பதினேழாவது விதி இது: இங்கே வேலை செய்கிறவர் வீட்டில் கோழி, புறா, கிளி என்று இறகு முளைத்த எதுவும் இருக்கக் கூடாது. இரண்டு வருஷத்துக்கு முன்பு மாரி என்கிற ஆள் வீட்டுப் பின்னால் ஒரு அடைக்கோழியும் ஆறு குஞ்சும் இருந்தன. பிள்ளைகள் ஆசைப்பட்டு வளர்க்கிறதுங்க, நாளைக்கே கொடுத்துவிடுகிறேனுங்க என்று கையெடுத்துக் கும்பிட்டான். அன்று சாயங்காலமே அவனை வெளியே அனுப்பினேன். கண்டிப்பான பொம்பளை என்று பேர் வாங்குவதில் எனக்கு ஒரு ருசி இருந்ததை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அந்தக் கண்டிப்புக்குப் பரிசாகத்தான் ஹைதராபாத் வந்தது. சேர்மன் அப்புசாமி என்னைக் கூப்பிட்டு, தெற்கே இருக்கிற எல்லாப் பண்ணைக்கும் நீங்கள்தான் இனிமேல் தலைமை, ஹைதராபாத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றார். இந்தக் கம்பெனியில் ஒரு பெண் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. திங்கட்கிழமைக்குள் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். நான் மனசுக்குள் எப்போதோ போட்டாயிற்று.

வீட்டுக்காரர் சந்தோஷ்குமாருக்குத் திருச்செங்கோட்டில் லாரித் தார்ப்பாய்க் கடை. விஷயத்தைச் சொன்னதும் “உன் இஷ்டம்” என்றார். கல்யாணமான எந்தப் பெண்ணுக்கும் அந்த ரெண்டு வார்த்தையின் கனம் தெரியும். தார்ப்பாய்க் கடையை ஹைதராபாத்தில் வைத்தால் ஓடாதா என்று அவரை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. மகள் அபிநயாவிடம் இன்னும் சொல்லவில்லை. எட்டு வயசுப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

அந்த வியாழக்கிழமை வெளிநாட்டிலிருந்து தணிக்கைக்கு ஆட்கள் வருவதாக இருந்தது. காலை ஐந்து மணிக்குக் கிளம்பும்போது அபிநயாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இருந்தது. வீட்டு வேலைக்கு வருகிற பெருமாயியிடம் காய்ச்சல் மாத்திரையை எடுத்துக் கொடுத்து, பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன். சூடு என்று கைக்குத் தெரிந்தும் போனேன். இதை நான் யாரிடமும் மறைக்கப் போவதில்லை.

ஒன்பதரை மணி இருக்கும். இரண்டாவது ஷெட்டில் நின்றுகொண்டிருந்தேன். சுவரிலிருந்த இன்டர்காம் அடித்தது. கேட்டில் இருக்கும் மருதாசலம்.

“டாக்டரம்மா, உங்க ஊட்டுல இருந்து பெருமாயி போன் பண்ணுச்சுங்க. சாமி காத்தால இருந்து எந்திரிக்கலைங்களாமா. கழுத்து தொங்கிப் போச்சாமுங்க. ஒடனே வரச் சொல்லுச்சுங்க.”

எங்கள் பக்கம் பிள்ளைகளைச் சாமி என்றுதான் கூப்பிடுவோம். பெரியவர்களையும் அப்படித்தான் கூப்பிடுவோம். ஆனால் என் வீட்டில் சாமி என்றால் ஒரே ஒரு ஆள்தான்.

கையிலிருந்த குறிப்பெழுதும் அட்டை கீழே விழுந்தது ஞாபகம் இருக்கிறது. வெளியே வரும்போதும் குளிக்க வேண்டும் என்பது என் விதி. குளிக்கவில்லை. சீருடையோடு, ரப்பர் பூட்ஸோடு ஓடிவந்து காரில் உட்கார்ந்தேன். மருதாசலம் செல்போனை ஜன்னல் வழியாக நீட்டினார். பெருமாயி நம்பர் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அந்த அம்மாளுக்குச் சார்ஜ் போட வேண்டும் என்பதே மறந்துபோகும். வீட்டுக்காரரைக் கூப்பிட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. சங்ககிரிக்கு லாரி அளவெடுக்கப் போயிருந்தார்.

மல்லசமுத்திரத்துக்கு வெளியே தோட்டத்தை ஒட்டி எங்கள் வீடு. அங்கே போய்ச் சேர முப்பத்தைந்து நிமிஷம் ஆகும். முப்பத்தைந்து நிமிஷமும் எந்திரிக்கலை, எந்திரிக்கலை என்று அந்த ஒரே வார்த்தைதான் காதில் ஓடியது. மூளைக்காய்ச்சலாக இருக்குமோ, வலிப்பாக இருக்குமோ, கழுத்து தொங்கிப் போச்சு என்றால் என்ன அர்த்தம் என்று ஒவ்வொன்றாக வந்தது. படித்தவளுக்குப் பயம் பேரோடும் ஊரோடும்தான் வரும். ஒரு கட்டத்தில் நான் சத்தமாக அழுதுகொண்டிருந்தேன். கண் மறைத்ததால் வைப்பர் போடப் போனது கை.

வாசல்படியில் அபிநயா உட்கார்ந்திருந்தாள். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, முகம் வீங்க அழுதுகொண்டிருந்தாள். ஆனால் உயிரோடு இருந்தாள். நான் அவளை அள்ளி எடுத்து இறுக்கியதில் அவளுக்கு மூச்சு முட்டியிருக்கும்.

“அம்மா, சாமி செத்துப் போச்சும்மா” என்றாள்.

பின்னாலேயே பெருமாயி வந்தார். மாடியைக் காட்டினார். தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம், நான் ஒருநாளும் எட்டிப் பார்க்காத மூலையில், கோழியை அடைக்கிற மூங்கில் பஞ்சாரம் ஒன்று கவிழ்த்து வைத்திருந்தது. உள்ளே செவலைச் சேவல் ஒன்று கால் விறைத்துக் கிடந்தது. மாட்டுப் பொங்கலுக்கு முந்தின வாரம் சந்தையில் வாங்கியதாம். எங்கள் கருப்பணார் சாமிக்கு நேர்ந்துவிட்டதாம். ஒரு மாசத்துக்கு மேல் என் தலைக்கு மேலேயே இருந்திருக்கிறது. விடியற்காலை அது கூவுவதைப் பக்கத்துத் தோட்டத்துச் சேவல் என்று நினைத்து, அதைக் கேட்டுத்தான் நானும் எழுந்துகொண்டிருந்தேன்.

எனக்குச் சிரிப்பு வந்தது. உயிர் திரும்பி வந்த சிரிப்பு. அடுத்த நிமிஷமே கோபம். சாமி என்று சொன்னால் நான் யாரை நினைப்பேன் என்று பெருமாயி மேல் பாய்ந்தேன்.

“நேந்துட்டதைச் சேவல்னு வாயால சொல்லலாமுங்களா அம்மிணி? சாமின்னுதானுங்க சொல்லோணும்” என்றார் அவர், நான்தான் ஏதோ தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டதுபோல.

பஞ்சாரத்தைத் தூக்கினேன். அப்போதுதான் கொண்டையைப் பார்த்தேன்.

கொண்டை கருநீலமாக இருந்தது. கீழ்த்தாடை வீங்கியிருந்தது. கால் செதில்களுக்கு நடுவே சிவப்புச் சிவப்பாக ரத்தப் புள்ளிகள். இந்தப் படத்தை நானே திரையில் போட்டு, நூறு பேருக்கு வகுப்பெடுத்திருக்கிறேன். பக்கத்து மாநிலத்தில் பறவைக் காய்ச்சல் என்று பத்து நாளாகச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. ஏரிக்கரையில் நாலைந்து காக்கை செத்துக் கிடந்ததாக எங்கள் ஊர் வாட்ஸப் குழுவில் போன வாரம் ஒரு படம் வந்தது. பார்த்துவிட்டுத் தள்ளிவிட்டிருந்தேன்.

அபிநயா படியேறி என் பின்னால் வந்து நின்றாள். கிட்டே வராதே என்று நான் கத்தியதில் மிரண்டுபோனாள்.

“முந்தாநாள்ல இருந்தே குளுருல நடுங்குச்சும்மா. என் சால்வைக்குள்ள வெச்சுக்கிட்டேன். மூக்குல தண்ணி ஒழுகுச்சு. நாந்தான் தொடச்சு உட்டேன்.”

எதில் தொடைச்சே என்று கேட்டேன். கையைக் காட்டினாள்.

பறவைக் காய்ச்சல் மனிதருக்கு லேசில் ஒட்டாது. எங்கோ ஒருவருக்கு வரும். ஆனால் வந்தவர்களில் பாதிப் பேர் பிழைப்பதில்லை. அந்தக் கணக்கும் என் வகுப்பில் வரும், அதைச் சொல்லும்போது எல்லோரும் குறிப்பெடுப்பார்கள். மருந்து இருக்கிறது. காய்ச்சல் வந்து நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன். எப்போது காய்ச்சல் ஆரம்பித்தது என்று பெருமாயியைக் கேட்டேன். நேற்று மத்தியானமே மேல் சுட்டதாகச் சொன்னார். நேற்று நான் வீட்டுக்கு வரும்போது ராத்திரி ஒன்பது மணி. அவள் தூங்கியிருந்தாள்.

கையுறை போட்டுக்கொண்டு சேவலை ரெண்டு பாலித்தீன் பையில் கட்டினேன். மாடி முழுக்கச் சுண்ணாம்பும் மருந்தும் தெளித்தேன். அவளைக் குளிக்க வைத்து, நான் குளித்து, பெருமாயியையும் குளிக்கச் சொன்னேன். கை அதன்பாட்டுக்கு வேலை செய்தது.

அதற்குள் சந்தோஷ்குமார் வந்துவிட்டார். சொன்னதைக் கேட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். எதற்காக நேர்ந்தீர்கள் என்றேன். பாப்பாதான் கேட்டாள், வாங்கிக் கொடுத்தேன், வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காதாம், என்னிடமும் சொல்லவில்லை என்றார். எனக்குச் சொல்லாமலே புரிந்துவிட்டது. ஹைதராபாத் விஷயம் எப்படியோ அவள் காதுக்குப் போயிருக்கிறது. அம்மா போகக் கூடாது என்று கருப்பணாரிடம் மனுப் போட்டிருக்கிறாள். அப்பனும் மகளும் சேர்ந்து என் வேலைக்கு உலை வைத்துவிட்டார்கள் என்று அந்த நேரத்திலும் எனக்கு ஆத்திரம் வந்தது. அதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

ஆனால் வேலையைக் காப்பாற்றப் பார்த்தவர் அவர்தான். காரில் ஏறியதும் மெதுவாகச் சொன்னார்.

“டாக்டருகிட்ட சேவலைப் பத்திச் சொல்லோணுமா பிரியா? காய்ச்சல்னு சொல்லி மருந்தை வாங்கிக்கலாமே. பதினாலு வருசம் ஒழச்சுட்டு ஒரு சேவலால போகோணுமா?”

நான் யோசித்தேன். சொன்னால் என்ன ஆகும்? அரசாங்கத்துக்குத் தகவல் போகும். சுற்றுவட்டாரத்தில் இருக்கிற கோழியெல்லாம் சோதனைக்கு வரும். அதில் பாதி எங்கள் ஊர்க்காரர்களின் பண்ணைக் கோழிகள். பாதுகாப்பு விதி எழுதிய டாக்டர் வீட்டு மாடியில் சேவல் என்று மாவட்டம் முழுக்கச் சிரிக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, இன்று காலை நான் தாய்க்கோழிகளுக்கு நடுவே நின்றிருக்கிறேன். சொல்லாவிட்டால்? என்ன மருந்து என்று எனக்கே தெரியும். சாதாரண ஃப்ளூவாக இருக்கலாம், முன்னெச்சரிக்கையாக எழுதிக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிவிடலாம். ரெண்டும் பிழைக்கும், பிள்ளையும் வேலையும். பயந்தவளுக்குக் கணக்கு எப்படியெல்லாம் ஒத்துவருகிறது பாருங்கள்.

பின் ஸீட்டில் சுருண்டிருந்தவளிடம் திரும்பி, டாக்டர் கேட்டால் சேவலைப் பற்றிச் சொல்ல வேண்டாம் என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. தலையை ஆட்டினாள்.

திருச்செங்கோட்டுக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் கூட்டம். காய்ச்சல் நூற்றிரண்டு. டாக்டர் வயசானவர், நிதானமானவர். நெஞ்சில் வைத்துக் கேட்டார், தொண்டையைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, சுகாதாரத் துறையிலிருந்து சுற்றறிக்கை வந்திருக்கிறது, அதனால் எல்லோரையும் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கேட்டார்.

“ஊட்டுல கோழி, புறா ஏதாச்சும் இருக்குதுங்களா? பக்கத்துல எங்காச்சும் செத்துதுங்களா?”

“இல்லீங்க” என்றேன்.

எவ்வளவு சுலபமாக வந்தது அது. நாக்கு தடுமாறவில்லை. அவர் சீட்டில் எழுதத் தொடங்கினார். அப்போது பக்கத்திலிருந்து ஒரு குரல்.

“எங்கூட்டுல ஒண்ணுமே இல்லீங்க டாக்டர். எங்கம்மா கோழிப் பண்ணைல பெரிய டாக்டருங்க. அதனால நாங்க கோழி வளக்கக் கூடாது. கிளி கூட வளக்கக் கூடாது.”

அபிநயா அவரைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தாள். காய்ச்சலில் உதடு வெடித்திருந்தது. கண் சிவந்து, உட்கார முடியாமல் ஆடிக்கொண்டிருந்தாள். அந்த நிலையிலும், என் பொய்க்கு எங்கே ஓட்டை விழுந்துவிடுமோ என்று முட்டுக்கொடுத்தாள். டாக்டரும் சிரித்தார். சாதாரண வைரஸ் காய்ச்சல்தான், மூணு நாள் கழித்துக் காட்டுங்கள், பெரிய மருந்தெல்லாம் இப்போது வேண்டாம் என்று சீட்டை நீட்டினார்.

மூணு நாள். அதற்குள் நாற்பத்தெட்டு மணி நேரம் தாண்டிவிடும்; கோழியே இல்லை என்று சொன்ன வீட்டுக்கு அந்த மருந்தை இனி எப்படிக் கேட்பது? நான் சொல்லியிருந்த பொய்க்கு அவர் சரியான வைத்தியம் எழுதியிருந்தார். அந்தப் பொய்யைக் கூடுதலாகச் சொல்லி, தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டு, ஒரு பிள்ளை என்னைப் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தது. சேவலின் கொண்டையைப் பார்த்தபோதுகூட நான் இப்படிப் பயப்படவில்லை.

“டாக்டர், நான் பொய் சொன்னேனுங்க” என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். சேவல், சால்வை, மூக்கைத் துடைத்த கை, காக்கைகள், என் வேலை. பக்கத்தில் சந்தோஷ்குமார் கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் என்னைத் திட்டவில்லை. எழுந்து முகக்கவசத்தை மாட்டினார். அபிநயாவுக்கும் ஒன்று மாட்டினார். மருந்தின் முதல் வேளையை அங்கேயே கொடுத்தார்கள். அரை மணி நேரத்தில் ஆம்புலன்ஸ் வந்தது. சேலம் பெரிய ஆஸ்பத்திரியில் தனி அறை என்றார்கள். அபிநயா மட்டும் என்னைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆம்புலன்ஸில் இருந்தே சேர்மனைக் கூப்பிட்டேன். அப்புசாமி படிப்படியாக ஏறி வந்தவர். முதலில் நூறு கோழி வைத்திருந்த மனிதர். முழுவதையும் கேட்டுக்கொண்டார். பண்ணைக்குள் இன்றைக்குப் போனீர்களா என்று மட்டும் கேட்டார். போனேனுங்க என்றேன். சரி, நீங்கள் குழந்தையைப் பாருங்கள் என்று வைத்துவிட்டார். அவர் கத்தியிருந்தால் தேவலை.

தனி அறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, கதவில் சின்னக் கண்ணாடி. தொண்டையிலும் மூக்கிலும் சளி எடுத்துக்கொண்டு போனார்கள். கால்நடைத் துறை ஆட்கள் வீட்டுக்கு வந்து சேவலை எடுத்துப் போனதாகச் சந்தோஷ்குமார் போனில் சொன்னார். அவருக்கும் பெருமாயிக்கும் மாத்திரை கொடுத்து வீட்டோடு இருக்கச் சொல்லிவிட்டார்கள். முடிவு வர ரெண்டு நாளாவது ஆகும். வியாழன் சாயங்காலம் காய்ச்சல் நூற்றிமூன்றைத் தொட்டது. நான் செய்ததெல்லாம் ஒன்றுதான். அவள் மூச்சை எண்ணினேன். மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நிமிஷத்துக்கு இருபத்தெட்டு, முப்பது, முப்பத்திரண்டு என்று எண்ணினேன். முப்பத்தைந்தைத் தாண்டினால் நுரையீரலுக்குப் போய்விட்டது என்று அர்த்தம் என நானே ஒரு கோடு போட்டுக்கொண்டேன். முப்பத்துநாலு வரை போனது. கருப்பணாரைக் கூப்பிட்டேன். ஊரிலிருக்கிற எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். எதையாவது நேர்ந்துகொள்ளலாம் என்றால் கொடுக்க என்னிடம் என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் காய்ச்சல் இறங்கியது. ரெண்டு வாய் ரசச் சோறு சாப்பிட்டாள். அப்போதும் என்னோடு பேசாமல் சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள். டாக்டரிடம் ஏன் அவ்வளவு பொய் சொன்னாய் என்று கேட்டேன்.

“நீதான சொல்ல வேண்டாம்னே. நான் கரெக்டா சொன்னேன். நீதான் கடைசில கெடுத்துட்டே.”

“என்ன கெடுத்தேன் சாமி?”

“உனக்குப் பெரிய வேலை கெடைக்கோணும்னுதான நேந்துக்கிட்டேன். இப்பத் தரமாட்டாங்கல்ல?”

எதற்காக அப்படி நேர்ந்துகொண்டாய் என்றேன். இதுகூடத் தெரியாதா என்பதுபோலத் திரும்பிப் பார்த்தாள்.

“பெரிய ஆபீசர் ஆயிட்டா யாருகிட்டயும் லீவு கேக்க வேண்டியதில்ல, ஊட்டுலயே இருப்பேன்னு சொன்னியே. ஆயுத பூஜை அன்னிக்கு.”

சொல்லியிருந்தேன். அன்றைக்குப் பண்ணையில் ஏதோ அவசரம். இவள் கார் கதவைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள். கையை விடுவிக்க வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போனேன். போகிற வழியிலேயே மறந்தும் போனேன். இவள் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு சேவலை வாங்கச் சொல்லி, தினமும் இரை வைத்து, குளிரில் நடுங்கியபோது மார்போடு அணைத்து வைத்திருந்திருக்கிறாள். அம்மா ஹைதராபாத் போகக் கூடாது என்று இவள் கேட்டதாக நினைத்தேனே. ஹைதராபாத் என்று ஒன்று இருப்பதே இவளுக்குத் தெரியாது.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. முடிவு வரட்டும், உடம்பு தேறட்டும் என்று மறுபடியும் நாளைக்குத் தள்ளினேன். அவள் என் கையை எடுத்துத் தன் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கிப்போனாள்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு டூட்டி டாக்டர் முகக்கவசம் இல்லாமல் அறைக்குள் வந்தார். அதைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. அபிநயாவுக்கு வந்தது சாதாரண ஃப்ளூ. நாளை வீட்டுக்குப் போகலாம். நான் நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். அவர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

பத்து நிமிஷத்தில் சேர்மன் கூப்பிட்டார். சத்தமாகப் பேசுகிறவர். போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தாலும் கேட்கும்.

“டாக்டரம்மா, உங்க சேவலுக்குப் பறவைக் காய்ச்சல் இல்லீங்களாமா, வெறும் வெள்ளைக் கழிச்சல்தானாமா. நம்ம கோழிக்கெல்லாம் அதுக்கு ஊசி போட்டாச்சு. பண்ணைல ஒரு கோழி தும்மல. ஆபீசரு இப்பத்தான் சொன்னாரு. இந்த விசயம் நம்ம ரெண்டு பேரோட போகட்டும். நீங்களே முன்னால வந்து சொன்னீங்க பாருங்க, அதுக்காகவே அந்த நாற்காலி உங்களுக்குத்தான். திங்கக்கெழமை கையெழுத்துப் போட்டு அனுப்புங்க.”

மாரியை இதே காரணத்துக்காக வெளியே அனுப்பினேனே சார் என்றேன். அவன் வேற, நீங்க வேற என்றார். எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. ஆனால் பொய் சொல்ல மாட்டேன். அந்த நாற்காலி மறுபடியும் கிடைத்துவிட்டது என்றதும் நெஞ்சு துள்ளத்தான் செய்தது. பதினாலு வருஷம். எனக்கு அது வேண்டும். மூணு நாள் மூச்சை எண்ணிக்கொண்டு கிடந்தவளுக்குப் பத்தே நிமிஷத்தில் இது வேண்டும் என்று தோன்றுகிறதே என்று என்னைக் கண்டே எனக்குப் பயமாக இருந்தது.

அபிநயா கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். எல்லாமே கேட்டிருக்கிறது. கண் பளபளக்க, சரின்னு சொல்லு, சரின்னு சொல்லு என்று சத்தமில்லாமல் வாயை அசைத்தாள்.

ஒரு நிமிஷம் சார் என்று சொல்லிப் போனை உள்ளங்கையால் மூடினேன். சரி என்றால் இவள் துள்ளுவாள். அடுத்த மாசம் நான் பெட்டியோடு கிளம்பும்போது புரிந்துகொள்வாள். வேண்டாம் என்றால் அம்மா இனி என்றைக்குமே வீட்டில் இருக்க மாட்டாள் என்று நினைத்து இப்போதே உடைந்துபோவாள். இனிமேல் தள்ளிப் போட நாளைக்கு என்று ஒன்று இல்லை.

“சாமி, பெரிய ஆபீசர் ஆனா அம்மா ஊட்டுல இருக்க முடியாது. ஹைதராபாத்துக்குப் போகோணும். ரயில்ல ஒரு ராத்திரி தூரம். மாசத்துக்கு ஒருக்காத்தான் வருவேன். அன்னிக்கு நான் சொன்னது பொய்.”

அவள் அழுவாள் என்று காத்திருந்தேன். அழவில்லை. முகம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வெளிறியது. விரலை மடக்கி எதையோ எண்ணுவதுபோல யோசித்தாள்.

“அப்ப நான் சாமிகிட்டத் தப்பாக் கேட்டுட்டனா? தப்பாக் கேட்டதுனாலதான் சேவல் செத்துச்சா?”

“இல்ல சாமி. நீ தப்பாக் கேக்கல. சேவலு சீக்குல செத்துச்சு.”

கையை எடுத்தேன். போனில் அப்புசாமி யாரிடமோ வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தார். சார், நான் ஹைதராபாத்துக்குப் போகலைங்க என்றேன். குரல் எனக்கே கேட்காத அளவுக்கு இருந்தது. இன்னொரு தடவை சொன்னேன். யோசித்துச் சொல்லுங்கள், இந்த மாதிரி மறுபடி வராது என்றார். தெரியுமுங்க சார் என்றேன். வைத்துவிட்டார்.

நல்லது செய்துவிட்ட நிம்மதி வரும் என்று நினைத்தால் அது வரவில்லை. பத்து வருஷம் கழித்து ஏதோ ஒரு சண்டையில், உன்னால்தான் நான் போகவில்லை என்று இவள் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேனோ என்றுதான் முதலில் தோன்றியது. சொல்லக் கூடியவள்தான் நான். எனக்கு என்னைத் தெரியும்.

அவளைப் படுக்க வைத்துப் போர்வையை இழுத்துவிட்டு, அம்மா எங்கேயும் போகவில்லை, இங்கேதான் இருப்பேன், சாயங்காலம் சீக்கிரம் வந்துவிடுவேன் என்றேன்.

“இது நெசமா?” என்று கேட்டாள் அபிநயா.

“நெசந்தான் சாமி.”

நான் சொன்னதை நம்பலாமா வேண்டாமா என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.